கரையில நின்னு பாஸ் பிடிக்க எந்த ராடு, எந்த ரீல்

பாஸ்ங்கிற நன்னீர் வேட்டை மீனுக்கு ராடு (தூண்டில் கம்பு) எப்படி வாங்கணும்னு தேடினா வர்ற ஆலோசனையில முக்காவாசி படகுல நிக்கிறவங்களுக்கு சொன்னதுதான். படகுல போறவர் ஆறு ஏழு ராடை வரிசையா வச்சுப்பார், தவளை லூருக்கு (லூர்னா செயற்கை இரை) ஒண்ணு, கிராங்க்பெய்ட்டுக்கு (இழுத்தா முங்கி ஆடி வர்ற லூர்) ஒண்ணு, சின்ன வார்முக்கு (மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக் புழு) ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுத்துக்கலாம், லூர் எங்கயாவது மாட்டிக்கிட்டா படகை அந்தப் பக்கம் கொண்டுபோய் எடுத்துக்கலாம், மீன் பாசிக்குள்ள பூந்துடுச்சுன்னா பின்னாடியே போகலாம். கரையில நடந்து நடந்து பிடிக்கிற நமக்கு இதுல எதுவுமே கிடையாது. கையில ஒரு ராடு, மிஞ்சிப்போனா ரெண்டு. மரமும் புதரும் விட்ட இடத்துலதான் நிக்கவே முடியும். இன்னொண்ணு, படகுக்காரர் பெரும்பாலும் கரைப்பக்கமா வீசி ஆழத்தைப் பார்த்து இழுப்பார், நாம ஆழத்துல வீசி மேடு ஏத்தி கரைக்கு இழுக்குறோம், அதனால கல்லு, வேரு, பாசின்னு எல்லாத்துலயும் இடிச்சுக்கிட்டேதான் நம்ம லூர் வரும்.

அதனால வாங்குற வரிசையே வேற மாதிரி இருக்கணும்னு நான் உறுதியா நம்புறேன். முதல்ல கரை, அப்புறம் அந்தக் கரையில வேலை செய்யிற லூர், அந்த லூரோட எடைக்கு ராடு, அப்புறம் லைன் (தூண்டில் நூல்), அந்த லைனைச் சுத்தி வைக்கிற ரீல் கடைசி. நிறைய பேர் பளபளன்னு இருக்கிற ரீலை முதல்ல எடுத்துட்டு, மிச்சம் இருக்கிற காசுக்கு ஏதோ ஒரு ராடை சேர்த்து வாங்கிடுறாங்க. கடி கைக்குத் தெரியறது, கொக்கி வாயில ஏறுறது, புதரைப் பார்த்து ஓடுற மீனைத் திருப்புறது, இது எல்லாம் ராடோட வேலை. இருக்கிற காசுல பாதிக்கு மேல ராடுக்கு ஒதுக்குங்க.

கரையை முதல்ல வெறுங்கையோட சுத்திப் பாருங்க

நீங்க அடிக்கடி போகப்போற இடத்தை ராடு இல்லாம ஒரு தடவை நடந்து பாருங்க. பார்க்க வேண்டியது மூணு விஷயம்.

உங்களுக்குப் பின்னாடி எவ்வளவு இடம் இருக்கு? திறந்த வெளியா இருந்தா 7 அடி, ஏழரை அடி ராடெல்லாம் தாராளமா வீசலாம். மரக்கிளை தலைக்கு மேல தொங்குது, பின்னாடி முள்ளுப்புதர்னா 6 அடி 6 அங்குலத்துக்கு மேல போனா ஒவ்வொரு வீச்சும் தொல்லைதான், அங்க பக்கவாட்டுல தாழ்வா மணிக்கட்டால வீசணும், அதுக்கு குட்டை ராடும் குட்டைக் கைப்பிடியும்தான் சரிப்படும்.

தண்ணிக்குள்ள உங்க காலடியில இருந்து முதல் பத்து பதினைஞ்சு அடி என்னவா இருக்கு? கோரை வளர்ந்திருக்கா, அல்லி இலை மூடியிருக்கா, இல்ல கல்லு அடுக்குன சரிவா? கோரை ஓரமா இருந்தா லைனை அதுக்கு மேல தூக்கிப் பிடிக்க நீளமான ராடு ரொம்ப உதவும், ஒரு அரை அடி கூடுதலா இருந்தாக்கூட நல்ல வித்தியாசம் தெரியும். கல்லு சரிவா இருந்தா ராடு பத்தின கவலையை விட லைன் தேய்ஞ்சு அறுந்துபோற கவலைதான் பெருசு, அதைக் கீழே சொல்றேன்.

மூணாவது, நீங்க நிக்கிற இடத்துக்கும் தண்ணிக்கும் எவ்வளவு உயரம். இதை யாருமே யோசிக்கிறதில்ல. சுவர் மேலயோ உயரமான மேட்டுலயோ நின்னு பிடிச்சா, கடைசியில மீனை எப்படி மேல கொண்டுவர்றது? அரைக்கிலோ மீனை மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பான) ராடுல அப்படியே ஊஞ்சல் மாதிரி வீசித் தூக்கிடலாம், ஆனா ஒன்றரைக் கிலோ மீனை ராடால தூக்கினா நுனி ஒடியும் இல்ல லைன் அறும். அந்த மாதிரி இடத்துக்கு நீளமான பிடி வச்ச வலை ஒண்ணு வாங்குறது இன்னொரு ராடு வாங்குறதை விட முக்கியம்.

ராடு மேல எழுதியிருக்கிறதைப் படிங்க

கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல சின்ன எழுத்துல நீளம், பவர், ஆக்ஷன், லைன் பவுண்டு (எத்தனை பவுண்டு தாங்குற லைன்), லூர் எடை எல்லாம் போட்டிருப்பாங்க. கடையில எல்லாரும் பவரைப் பார்க்குறாங்க, நான் முதல்ல பார்க்கச் சொல்றது லூர் எடையை. ஏன்னா மீடியம், மீடியம் ஹெவிங்கிற பேருக்கெல்லாம் எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருத்தரோட மீடியம் இன்னொருத்தரோட மீடியம் ஹெவியா இருக்கும். லூர் எடைங்கிற எண்தான் ஓரளவு உண்மையை சொல்லும்.

உதாரணமா 1/4 - 5/8 அவுன்ஸ்னு போட்டிருந்தா சுமாரா 7 கிராம்ல இருந்து 18 கிராம் வரைக்கும் வீசலாம்னு அர்த்தம். ஆனா அந்த ரெண்டு ஓரத்துலயும் ராடு நல்லா வேலை செய்யாது, நடுவுல, அதாவது 10-14 கிராம் பக்கம்தான் ராடு சரியா வளைஞ்சு லூரைத் தூக்கி எறியும். அதனால நீங்க அதிகமா போடப்போற லூரோட எடை அந்த எல்லைக்கு நடுவுல விழணும். எடை கணக்கு பண்ணும்போது முழுசா கணக்கு பண்ணுங்க. டெக்சஸ் ரிக்ல (முன்னாடி ஈயம், கொக்கி முனை வார்முக்குள்ள மறைஞ்சிருக்கிற அமைப்பு) 1/4 அவுன்ஸ் ஈயம்னா அது 7 கிராம்தான், ஆனா அதோட வார்ம், கொக்கி எல்லாம் சேர்ந்தா 15 கிராமைத் தாண்டிடும். அதே மாதிரி 5 அங்குலம் நீளமுள்ள தடிமனான ஸ்டிக் வார்ம், ஈயமே இல்லாம, சுமாரா 9-10 கிராம் இருக்கும், பார்க்க லேசா தெரிஞ்சாலும் மீடியம் ராடுல அருமையா பறக்கும்.

பவர்ங்கிறது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கிறது, ஆக்ஷன்ங்கிறது எந்த இடத்துல வளையுதுங்கிறது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஃபாஸ்ட்னா நுனிப்பக்கம் மட்டும் வளையும், மாடரேட்னா நடுவரைக்கும் வளையும். ஒத்தைக் கொக்கி வச்ச லூருக்கு, அதாவது வார்ம், ஜிக் (ஈயத்தலை வச்ச கொக்கி), ஸ்பின்னர்பெய்ட் (சுழல்ற தகடு வச்ச லூர்) இதுக்கெல்லாம் ஃபாஸ்ட் வேணும், கொக்கியை சட்டுன்னு ஏத்தணும். முக்கொக்கி தொங்குற கிராங்க்பெய்ட், டாப்வாட்டர் (தண்ணி மேல மிதந்து வர்ற) லூருக்கு மாடரேட் நல்லது, ஏன்னா அந்தச் சின்னக் கொக்கி வாயில லேசாத்தான் பிடிச்சிருக்கும், ராடு விறைப்பா இருந்தா மீன் தலையை உதறும்போது கழண்டுடும். கரையில ஒரே ராடுதான்னா ஃபாஸ்ட் எடுங்க, முக்கொக்கி லூர் போடும்போது டிராக்கைக் (மீன் பலமா இழுத்தா லைனை விட்டுக்கொடுக்கிற ரீல் அமைப்பு) கொஞ்சம் லூசு பண்ணிட்டு மெதுவா இழுத்தா சமாளிச்சுக்கலாம். மாடரேட் ராடை வச்சுக்கிட்டு கோரைக்குள்ள ஜிக் போட்டா சமாளிக்க வழியே இல்ல.

எக்ஸ்ட்ரா ஹெவி ராடு எடுத்தா பெரிய மீனுக்கு தயார்னு சிலர் நினைக்கிறாங்க. உலக சாதனை பாஸ் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, 1932-ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரி பிடிச்சது, 2009-ல ஜப்பான் பிவா ஏரியில மனாபு குரிட்டா பிடிச்சதும் கிட்டத்தட்ட அதே எடைங்கிறதால ரெண்டும் சமம்னு பதிவாயிருக்கு. இத்தனை வருஷத்துல அதுதான் எல்லை. கரையில நமக்கு கிடைக்கிறது பெரும்பாலும் அரைக்கிலோ, ஒரு கிலோ, நல்ல நாள்ல ரெண்டு கிலோ. தடிமனான ராடு எதுக்குன்னா மீனோட எடைக்கு இல்ல, மீன் ஒளிஞ்சுக்கிற பாசிக்கும் இலைக்கும். திறந்த தண்ணியில ரெண்டு கிலோ மீன் மீடியம் ராடுல சுகமா வரும், அல்லி இலைக்கு நடுவுல அதே மீன் இலையும் தண்டுமா சேர்த்து அஞ்சு கிலோ கணக்கா இழுக்கும்.

ஒரே துண்டா இருக்கிற ராடு நல்லதா, ரெண்டு துண்டா? நடந்து போய், புதருக்குள்ள நுழைஞ்சு, பஸ்சுல ஏறி இறங்குறவங்க தயங்காம ரெண்டு துண்டு எடுங்க. இப்ப வர்ற நல்ல ரெண்டு துண்டு ராடுல கடி தெரியறதுல பெரிய வித்தியாசம் இல்ல, இணைப்பு மட்டும் இறுக்கமா இருக்கான்னு நாள் நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கணும், லூசானா அந்த இடத்துலதான் ஒடியும். டெலஸ்கோப் மாதிரி உள்ளுக்குள்ள போற ராடை பாஸுக்கு நான் சொல்லவே மாட்டேன், மண்ணு உள்ள போனா மடங்காது, கொக்கி ஏத்துற பலமும் நுனிக்குப் போய்ச் சேராது.

கடையில கையில எடுத்தா முதல்ல உங்க ரீலையோ அதே எடையில இன்னொரு ரீலையோ மாட்டித் தரச் சொல்லுங்க. ரீலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு விரல்ல ராடைத் தாங்கிப் பிடிங்க. நுனி பொத்துன்னு கீழ விழுந்தா அந்த ராடை நாள் முழுக்க பிடிச்சா மணிக்கட்டு வலிக்கும், கரையில ராடைக் கீழ வைக்க இடமே இருக்காதுங்கிறதால இது நமக்கு ரொம்பவே முக்கியம். அப்புறம் ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் கொஞ்சம் பஞ்சை விட்டு சுத்துங்க, பஞ்சு நூல் எங்க சிக்குதோ அங்க வளையத்துல கீறல் இருக்கு, அது பிரெய்டு (பல இழை பின்னின) லைனை அறுத்துடும். நுனி வளையத்தை மறக்காம பாருங்க, அதுலதான் உரசல் அதிகம்.

லைன், ரீலுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க

நைலான் மோனோ (ஒத்தை இழை லைன்) மெதுவாத்தான் முங்கும், இழுபடும். ஃப்ளோரோகார்பன் சீக்கிரம் முங்கும், உரசலைத் தாங்கும், தண்ணியில லேசாத்தான் தெரியும், ஆனா விறைப்பா இருக்கிறதால ஸ்பின்னிங் ரீல்ல (ராடுக்குக் கீழ தொங்குற வகை) சுருள் சுருளா எகிறும். பிரெய்டு இழுபடாது, ரொம்ப மெலிசு, 10 பவுண்டு பிரெய்டு 2 பவுண்டு மோனோ தடிமன்தான், 30 பவுண்டு பிரெய்டு 8 பவுண்டு மோனோ தடிமன். கரைக்காரங்களுக்கு இந்த மெலிசுதான் வரம், தூரம் போகும், தூரத்துல கடிச்சாலும் கொக்கி ஏறும்.

ஆனா பிரெய்டு கல்லுல பட்டா உடனே அறும், பாசித்தண்டை அறுத்துக்கிட்டு வர்ற பிரெய்டுக்கு கல்லு முனை ஆகவே ஆகாது. அதனால ஸ்பின்னிங்ல 10-15 பவுண்டு பிரெய்டு, அதோட முனையில 8-12 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர். ரெண்டையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு மெலிசா இருக்கும், வளையத்துக்குள்ள சத்தமில்லாம போகும், ஆனா காத்துல நின்னுக்கிட்டு கட்டுறது கஷ்டம். டபுள் யூனி முடிச்சு சுலபம், கொஞ்சம் தடிமன், அதைக் கட்டினா லீடரைக் குட்டையா வச்சுக்கங்க, வீசும்போது முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியவே இருக்கிற மாதிரி. கல்லு சரிவுல ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் கடைசி ரெண்டடி லைனை விரல்ல உருவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டுப் புதுசா கட்டிடுங்க.

பிரெய்டை ஸ்பூல்ல (ரீல்ல லைன் சுத்துற உருளை) நேரா சுத்தினா மொத்தமா வழுக்கிச் சுத்தும், டிராக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நிறைய பேர் ரீலைப் பிரிச்சுடுறாங்க. அடியில கொஞ்சம் மோனோ சுத்திட்டு அதுமேல பிரெய்டு சுத்துங்க. விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க, ஒரு ரெண்டு மில்லிமீட்டர் இடம் விடணும்.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா

முதல் ராடு ஸ்பின்னிங். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. லேசான லூர் போகும், எதிர்க்காத்துல சிக்கு கம்மி, மரத்துக்கு அடியில தாழ்வா விட்டெறியலாம், ரீல் கைப்பிடியை இடது வலதுன்னு மாத்திக்கலாம். 2500 அளவு ரீல் பாஸுக்கு போதும், 3000-மும் சரி. ஷிமானோவுல சி3000-னு வர்றது 2500 உடம்புல கொஞ்சம் பெரிய ஸ்பூல், கரைக்கு அது நல்லாவே பொருந்தும். கியர் 6-க்கு 1 பக்கம் இருக்கட்டும், கைப்பிடி ஒரு சுத்துக்கு 80-90 செ.மீ. லைன் வரும். கரையில வேகம் வேணும், ஏன்னா கடிச்ச மீன் நேரா நம்மளைப் பார்த்தே நீந்தி வரும், லைன் தொய்வானா கொக்கியை உதறிட்டுப் போயிடும். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதுக்குப் பதிலா கைப்பிடியைப் பின்னாடி தள்ளிப் பாருங்க, ஆடாம டக்குன்னு நிக்கணும். டிராக்கை லூசு பண்ணி லைனை கையால இழுங்க, திக்கித் திக்கி வராம வழவழன்னு வரணும். இந்த ரெண்டும் சரியா இருந்தா அந்த ரீலை நம்பி எடுக்கலாம்.

வீசினதும் பெய்லை (ஸ்பூல் மேல திறந்து மூடுற கம்பி) கைப்பிடி சுத்தி மூடாதீங்க, கையால மூடுங்க, மூடினதும் லைனை ஒரு தடவை இழுத்து தொய்வை எடுங்க. பிரெய்டுல வர்ற குருவிக்கூடு சிக்குல பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்துலயே போயிடும்.

பெய்ட்காஸ்டர் (ராடுக்கு மேல உட்கார்ற, வீசும்போது ஸ்பூலே சுத்துற ரீல்) ரெண்டாவது ராடுக்கு. தடிமன் லைன், கனமான லூர், பாசிக்குள்ள இருந்து மீனைப் பிடுங்குற பலம், குறிபார்த்து போடுற துல்லியம் இதுக்கெல்லாம் அதுதான். வாங்குறதுக்கு முன்னாடி எந்தக் கையால சுத்துவீங்கன்னு முடிவு பண்ணிக்கங்க, இதுல கைப்பிடியை மாத்த முடியாது. கியர் 7-க்கு 1 எடுங்க. பேக்லாஷ்க்கு (ஸ்பூல்ல லைன் சிக்கிக்கிறது) பயப்பட வேண்டியதில்ல, ஸ்பூல் லூரை விட வேகமா சுத்தினா வர்றதுதான் அது, அதைத் தடுக்க ரெண்டு இடம் இருக்கு. கைப்பிடிப் பக்கம் இருக்கிற சின்னத் திருகை, லூரைக் கட்டித் தொங்கவிட்டு பட்டனை அழுத்தினா அது மெதுவா இறங்குற அளவுக்கு இறுக்குங்க, லூர் தரையில பட்டதும் ஸ்பூலும் நிக்கணும். மறுபக்கம் இருக்கிற பிரேக்கை முதல்ல முக்காவாசிக்கு மேல வச்சு ஆரம்பிங்க, கட்டைவிரல் பழகப் பழக ஒவ்வொரு எண்ணா குறைச்சுக்கிட்டே வாங்க. லூரை மாத்தினா திருகையும் திரும்ப சரிபண்ணணும். எதிர்க்காத்துல பிரேக்கைக் கூட்டுங்க.

டிராக் எவ்வளவு? லைனோ லீடரோ எது பலம் கம்மியோ அதுல கால் பங்குல இருந்து முப்பது சதவீதம் வரைக்கும். 10 பவுண்டு லீடர்னா ஸ்பிரிங் தராசை லைன்ல கட்டி இழுத்தா ஒண்ணேகால் கிலோ பக்கம் லைன் வெளிய வரணும். கையால இழுத்துப் பார்த்து சொல்ற கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், ஒரு தடவை தராசுல பார்த்துட்டா அப்புறம் கைக்கே தெரிஞ்சுடும்.

சரி, என்னதான் வாங்குறது

ஒண்ணே ஒண்ணுன்னா 7 அடி மீடியம் ஃபாஸ்ட் ஸ்பின்னிங், லூர் எல்லை 1/4 - 5/8 அவுன்ஸ், 2500 ரீல், 10 பவுண்டு பிரெய்டு, 10 பவுண்டு லீடர். ஸ்டிக் வார்ம், லேசான டெக்சஸ் ரிக், சின்ன ஸ்பின்னர்பெய்ட், சின்ன டாப்வாட்டர் எல்லாமே இதுல போகும். மரம் அடர்ந்த கரைன்னா அதே ராடை 6 அடி 6 அங்குலத்துல எடுங்க, மத்தது எதையும் மாத்த வேண்டாம்.

உங்க கரையில பாதிக்கு மேல பாசியும் அல்லியும்னா ரெண்டாவதா 7 அடியில இருந்து 7 அடி 3 அங்குலம், மீடியம் ஹெவி ஃபாஸ்ட் பெய்ட்காஸ்டர், 40-50 பவுண்டு பிரெய்டு, லீடர் இல்லாம நேரா. தவளை லூர், ஜிக், பெரிய ஸ்பின்னர்பெய்ட். தவளையை மீன் அடிச்சதும் உடனே வெட்டி இழுக்காதீங்க, ராடுல கனம் தெரிஞ்சதும் இழுங்க.

ரெண்டு ராடோட நடக்கும்போது ஒண்ணை முதுகுப் பையில நுனி மேல பார்க்க சொருகிக்கிட்டா மரக்கிளையில மாட்டும், புதருக்குள்ள போகும்போது ரெண்டையும் கையில எடுத்து நுனி பின்பக்கமா இருக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு நடங்க. வீசுற தூரத்துக்காக ஏங்காதீங்க, காலையிலயும் சாயங்காலமும் பாஸ் கரையை ஒட்டியே வேட்டையாடும், தண்ணி விளிம்புல இருந்து சில அடி தள்ளி நின்னு கரைக்கு இணையா வீசுங்க, அதுக்கு நீள ராடை விட கைக்கு அடங்குற ராடுதான் உதவும்.

ராடு ஒடியறது பெரும்பாலும் மீன்ல இல்ல, மாட்டின லூரை இழுக்கும்போதும் மீனைத் தூக்கும்போதும்தான். லூர் மாட்டினா ராடை வளைச்சு இழுக்காதீங்க, ராடை லைனுக்கு நேரா நீட்டி, ஸ்பூலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி நடங்க. முகத்தைத் திருப்பிக்கங்க, ஈயம் திரும்பி வந்தா குண்டு மாதிரி வரும். பிரெய்டை வெறும் கையில சுத்தி இழுத்தா சதையை அறுத்துடும், ஒரு கட்டையில சுத்தி இழுங்க. மீன் கரை ஓரம் வந்ததும் ராடை தலைக்குப் பின்னாடி வரைக்கும் தூக்காதீங்க, நுனி மட்டும் மொத்த பாரத்தையும் தாங்கும், அப்பதான் படார்னு போகும். குனிஞ்சு, கையை நனைச்சுக்கிட்டு, கீழ்த்தாடையைப் பிடிச்சு எடுங்க, காஞ்ச மண்ணுல இழுத்துட்டு வராதீங்க, விடப்போற மீன்னா அதோட உடம்புல இருக்கிற வழவழப்பு போயிடக்கூடாது.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மேல மின்கம்பி போற கரையில வீசவே வேண்டாம், இடி சத்தம் தூரத்துல கேட்டாலே ராடைக் கீழ வச்சுட்டு தண்ணியை விட்டும் தனிமரத்தை விட்டும் தள்ளிப் போயிடுங்க. ரீலை மணல்லயும் சேத்துலயும் வைக்காதீங்க, வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால துடைச்சு, டிராக்கை முழுசா லூசு பண்ணி வைங்க, இறுக்கியே வச்சிருந்தா உள்ள இருக்கிற வட்டு அமுங்கி அடுத்த தடவை திக்கும்.